கிரிவலம் போகும் சர்க்கரை நோயாளிகளே... பாதம் பத்திரம்!

திருவண்ணாமலை:

பவுர்ணமி வந்து விட்டால் திருவண்ணாமலைக்கு வரும் பஸ், ரெயில் எல்லாவற்றிலும் கூட்டம் நிரம்பி வழியும். மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர். இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசானிய லிங்கம் வரை 8 லிங்கங்களையும் கும்பிட்டபடி நடப்பார்கள். பெரும்பாலானோர் காலில் செருப்பு இருக்காது. அதுதான் வழக்கம், அதுதான் வேண்டுதல்.

ஆனால் இந்த கூட்டத்தில் நடப்பவர்களில் எத்தனை பேருக்கு சர்க்கரை வியாதி இருக்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆதரவுடன் நாடு முழுக்க நடத்தப்பட்டு 2023-ம் ஆண்டு வெளியான ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. நாடு முழுவதும் 10 கோடி பேரை தாண்டி விட்டது. அப்படி என்றால் கிரிவலப் பாதையில் கூட நடந்து வருகிற 7 பேரில் ஒருவருக்கு சுகர் இருக்கும் என்று வைத்துக் கொள்ளலாம். அவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை.

வலிக்காததுதான் ஆபத்து

காலில் முள் குத்தினால் 'ஆ' என்று கத்துகிறோம். உடனே உட்கார்ந்து முள்ளை எடுக்கிறோம். அந்த வலிதான் காலுக்கு காவல்காரன். பல வருடமாக ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் கால் நரம்புகள் மெல்ல மெல்ல செத்துப் போகின்றன. முதலில் எரிச்சல், மதமதப்பு, எறும்பு ஊறுவது போன்ற உணர்ச்சி இருக்கும். ராத்திரியில்தான் இது அதிகமாக தெரியும். பிறகு ஒரு நாள் அந்த எரிச்சலும் நின்று விடும். 'அப்பாடா, சரியாகி விட்டது' என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். உண்மையில் அப்போதுதான் உணர்ச்சியே போயிருக்கும்.

செருப்பு நழுவி விழுந்தது கூட தெரியாமல் பத்தடி நடந்து போகிறவர்கள் உண்டு. கல் குத்தினாலும் தெரியாது, தார் ரோடு சுட்டாலும் தெரியாது. வீட்டுக்கு வந்து படுக்கும்போது பாய் முழுக்க ரத்தக்கறை இருப்பதை வீட்டில் உள்ளவர்கள் பார்த்து சொன்னால்தான் உண்டு.

இதோடு காலுக்கு போகும் ரத்தக்குழாயும் சுருங்கி இருந்தால் புண்ணுக்கு தேவையான ரத்தம் வந்து சேராது. சர்க்கரை கூடி இருக்கும் உடம்பில் கிருமிகளை எதிர்க்கும் சக்தியும் குறைவு. சின்ன கொப்புளம் ஒரு வாரத்தில் சீழ் பிடித்து எலும்பு வரை போய் விடும். விரலை எடுக்க வேண்டும், பாதத்தை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லும் நிலைக்கு வரும் பலருக்கும் ஆரம்பம் இப்படி ஒரு சின்ன காயம்தான். பீடி, சிகரெட் பழக்கமும் இருந்தால் ரத்தக்குழாய் அடைப்பு இன்னும் சீக்கிரம் வரும். சுகரும் புகையும் சேர்ந்தால் காலுக்கு இரட்டை அடி.

நடக்கவே கூடாதா?

அப்படி இல்லை. சுகர் உள்ளவர்களுக்கு நடையை விட நல்ல மருந்து குறைவு. வாரத்தில் 5 நாள், தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சர்க்கரையும் குறையும், ரத்த அழுத்தமும் குறையும். 2023-ம் ஆண்டு நவம்பரில் தமிழக அரசு 38 மாவட்டங்களிலும் 8 கிலோ மீட்டர் நடைபாதையை அறிவித்து நடப்பவர்களை ஊக்கப்படுத்தியது இதற்காகத்தான். ஆனால் தினமும் நடந்து பழகியவர் நடப்பது வேறு. வருஷம் முழுக்க கடையில் உட்கார்ந்து விட்டு திடீரென்று ஒரே ராத்திரியில் வெறுங்காலோடு 14 கிலோ மீட்டர் நடப்பது வேறு.

எனவே கிளம்புவதற்கு முன்பு காலை டாக்டரிடம் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையை பாதத்தில் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்து உணர்ச்சி இருக்கிறதா என்று சொல்லி விடுவார்கள். ஐந்து நிமிஷ வேலை, வலி கிடையாது. சர்க்கரை நோயாளிகள் எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்த சோதனையை செய்தே ஆக வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை பார்க்க ஓடுகிறவர்கள் காலைக் காட்ட மறந்து விடுகிறார்கள். டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே செருப்பை கழற்றிக் காட்டலாம், தப்பில்லை.

உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் வெறுங்கால் நடை வேண்டவே வேண்டாம். பின்பக்கம் பட்டை வைத்த, அடிப்பாகம் மெத்தென்று இருக்கும் செருப்பு அல்லது ஷூ போட்டு நடக்கலாம். எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் செருப்பு கடையில் தருவார்கள். கட்டைவிரலுக்கு இடையில் வார் வைத்த சாதாரண ரப்பர் செருப்பு கூடாது. அது நழுவும், விரல் இடுக்கையும் அறுக்கும். புது செருப்பை போட்டுக் கொண்டு கிரிவலத்துக்கு கிளம்புவதும் கூடாது. ஒரு வாரம் வீட்டில் கொஞ்ச கொஞ்ச நேரம் போட்டு பழக்கி விட்டுத்தான் வெளியே. செருப்பு வாங்க சாயங்காலம் போவது நல்லது. அப்போதுதான் கால் சற்று வீங்கி சரியான அளவு தெரியும்.

கோவிலுக்குள் செருப்பு போட முடியாதே என்பார்கள். வெள்ளை பருத்தி சாக்ஸ் போட்டுக் கொள்வது டாக்டர்கள் சொல்லும் வழி. வெள்ளை என்றால் ரத்தம், சீழ் பட்டால் உடனே கண்ணில் படும். வெயில் நேரத்தில் கல் தரையில் கால் வைக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் மத்தியான வெயிலில் பிரகாரத்துக்கல் அடுப்புக்கல் மாதிரி இருக்கும். காலையிலோ, பொழுது சாய்ந்த பிறகோ போகலாம். கால் ரொம்ப மோசம் என்றால் பவுர்ணமி அல்லாத சாதாரண நாளில் ஆட்டோவில் சுற்றி வந்து ஒவ்வொரு லிங்கத்திலும் இறங்கி கும்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அண்ணாமலையார் கோபித்துக் கொள்ள மாட்டார்.

பழனி பாதயாத்திரை, வேளாங்கண்ணி நடைபயணம், தீமிதி திருவிழா எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அதிலும் உணர்ச்சி இல்லாத காலோடு தீமிதிப்பது தெரிந்தே காலை இழப்பதற்கு சமம்.

விரதம் இருப்பவர்கள் உஷார்

இன்னொரு ஆபத்து பலருக்கு தெரிவதில்லை. பவுர்ணமி அன்று விரதம் இருந்து விட்டு, மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக் கொண்டு நடக்க ஆரம்பிக்கிறார்கள். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள், கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாப்பாடு இல்லாமல் நடந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கி விடும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடப்பு வரும், பேச்சு குழறும். கூட்டத்தில் பார்க்கிறவர்கள் 'குடித்திருக்கிறார்' என்று ஒதுங்கிப் போய் விடக்கூடும்.

சர்க்கரை 70-க்கு கீழே போனாலே அது தாழ்நிலை. உடனே 3 டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பவுடரை தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிஷம் கழித்தும் சரியாகாவிட்டால் திரும்ப ஒரு தடவை. பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கி விட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய் விடும். 108-க்கு போன் செய்யுங்கள்.

சட்டைப்பையில் குளுக்கோஸ் பாக்கெட்டும், 'எனக்கு சர்க்கரை நோய்' என்று எழுதிய சீட்டும், வீட்டு போன் நம்பரும் இருக்கட்டும். விரத நாளில் மாத்திரையை குறைப்பதா, நேரம் மாற்றுவதா என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு விடுங்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது.

வீட்டில் தினமும் செய்ய வேண்டியது

ராத்திரி படுக்கும் முன்பு 2 நிமிஷம் பாதத்தை பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து அதன் மேல் பாதத்தை காட்டினால் அடிப்பக்கம் தெரியும். கண் சரியாக தெரியாதவர்களுக்கு பேரன், பேத்தி பார்த்து சொல்லட்டும். கொப்புளம், வெடிப்பு, நிற மாற்றம், விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறிப் போயிருப்பது, இதெல்லாம்தான் பார்க்க வேண்டியவை. கழுவிய பிறகு விரல் இடுக்கை துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். பித்த வெடிப்புக்கு தேங்காய் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் தடவாதீர்கள். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தை தோண்ட வேண்டாம்.

கால் வலிக்கிறது என்று வெந்நீரில் காலை வைப்பது நம்ம ஊரில் பழக்கம். உணர்ச்சி இல்லாதவருக்கு சூடு தெரியாமல் தோல் வெந்து விடும். ஆணிக்காலை பிளேடால் சீவுவது, கடையில் விற்கும் ஆணிக்கால் பிளாஸ்திரி ஒட்டுவது இரண்டும் வேண்டாம். அந்த பிளாஸ்திரியில் உள்ள ஆசிட் நல்ல தோலையும் அரித்து விடும். புண் மேல் காபித்தூள், சுண்ணாம்பு, மூக்குப்பொடி வைப்பதை எல்லாம் விட்டு விடுங்கள்.

சாப்பாட்டில் ஒரு விஷயம். ஆரணி அரிசி விளையும் மாவட்டத்தில் சோறே வேண்டாம் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் மாதிரி. மீதி கால் பங்குதான் சோறு. சோற்றுக்கு பதில் சப்பாத்தி சாப்பிட்டாலும் 5, 6 என்று அடுக்கினால் பலன் இல்லை. கேழ்வரகு நல்லதுதான், ஆனால் கூழாக கரைத்து குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். களியாக, அடையாக அளவோடு சாப்பிடுவது மேல். ரத்த அழுத்தமும் இருந்தால் ஒரு நாளைக்கு மொத்த உப்பு ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்த கணக்கில்தான் வரும்.

மாத்திரை தீர்ந்து போச்சு, ஆஸ்பத்திரிக்கு போக நேரம் இல்லை என்ற காரணத்தால் பாதியில் நிறுத்துகிறவர்கள் கிராமங்களில் அதிகம். 2021 ஆகஸ்டு 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்தது இவர்களுக்காகத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரைகளுக்கு காசு கிடையாது.

எப்போது ஓட வேண்டும்?

காலில் புண் வந்தால் வலிக்கிறதா என்று காத்திருக்காமல் 24 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போய் விடுங்கள். நாற்றம் அடித்தால், விரல் கறுத்தால், காய்ச்சல் வந்தால், சிவப்பு மேலே ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். உள்ளே எலும்பு நொறுங்க ஆரம்பித்திருக்கலாம். அந்த காலை ஊன்றாமல் போய் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் போட்டு ஆலோசனை கேட்கலாம்.