"கொஞ்சம் பொறுத்துப் பாருங்க" என்பவர்களுக்கு

"இவன்ட அப்பாவும் நாலு வயசிலதான் பேசினவர்." பேச்சு வராத பிள்ளையைப் பற்றி ஒரு தாய் வாய் திறந்ததும் உறவுகள் சொல்லும் பதில் பெரும்பாலும் இதுதான். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆறுதல் பிள்ளையின் மிக முக்கியமான ஒன்றிரண்டு வருடங்களைத் தின்றுவிடுகிறது.

முன்னேஸ்வரத்தில் இன்னொரு பதிலும் எளிதாகக் கிளம்பும். கோயில் வீதியிலும் சிலாபம் சந்தையிலும் தமிழும் சிங்களமும் கலந்து கேட்கும் ஊர் இது. "ரெண்டு பாஷையில பிள்ளை குழம்பிப் போச்சு" என்பார்கள். இரு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. தாய் தனக்குச் சரளமான தமிழை விட்டால், பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சுத்தான் குறையும். தயவுசெய்து விடாதீர்கள்.

முன்னேஸ்வரம் கோயில் அம்மனான வடிவாம்பிகைக்கு நேர்த்தி வைப்பவர்கள் வைக்கட்டும். அதே கிழமையில் குடும்பநல உத்தியோகத்தரிடமும் பேசட்டும். பிள்ளை பிறந்தபோது தந்த சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் நிறையும் தடுப்பூசியும் மட்டுமல்ல, எந்த வயதில் பிள்ளை என்ன செய்யும் என்ற பக்கங்களும் உண்டு. அவற்றைத் திறந்து வைத்துக் கேளுங்கள். அங்கிருந்து சுகாதார வைத்திய அதிகாரி, பிறகு சிலாபம் ஆஸ்பத்திரியின் குழந்தை வைத்தியர் என்று வழி போகும். பேச்சு தாமதமென்றால் காதுப் பரிசோதனையைக் கேட்டே செய்வியுங்கள். விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான ஆயதி நிலையம் ராகமையில் இருக்கிறது; சிலாபத்திலிருந்து கொழும்பு போகும் ரயில் பாதையும் அவ்வழிதான்.

பேச்சுத் தாமதத்துக்குப் பின்னால் சிலவேளை ஓட்டிசமும் இருக்கலாம்; அது எங்கோ ஒரு வீட்டுக் கதையல்ல. இலங்கையில் பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசம் காணப்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய எண்ணல்ல.

பள்ளிக்கூட வாசலில்தான் பல தாய்மார் உடைந்துபோகிறார்கள். இயலாமையுள்ளோரின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, இயலாமையைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்ட முடியாது. "இந்தப் பிள்ளை இங்கே சரிவராது" என்று வாயால் சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதோடு சிலாபம் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய், விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள். அப்பாவும் கூடப் போகவேண்டும். இந்த அலைச்சலை அம்மாவின் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம்.

கிளினிக்கில் சிங்களம் மட்டுமே பேசப்பட்டால், தமிழ் தெரிந்த ஒருவரைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். புதிய அறையில் பிள்ளை ஒடுங்கிவிடலாம். வீட்டில் விளையாடுவதை, அடம்பிடிப்பதை, கூப்பிட்டும் திரும்பாததைப் போனில் வீடியோ எடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள்.