தூரமும் நேரமும் – 9: ஒரே பயணத்தில் இரண்டு விடியல்

இலங்கையில் காலியிலிருந்து மாத்தறை போகும் பஸ்ஸில் ஏறினால் சற்று நேரத்தில் கொக்கல வந்துவிடும். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் கொஞ்சம் உள்ளே தள்ளி ஓர் ஏரி. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் என்பதால் அவர் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு. உலகத்தின் மிக நீண்ட நேர, இடைநில்லாப் பயணிகள் விமானப் பயணம் ஒரு காலத்தில் அந்தத் தண்ணீரில்தான் முடிந்தது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும், ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே இருந்த விமான வழி அறுந்தது. மிச்சம் இருந்தது இந்தியப் பெருங்கடல். இடையில் இறங்க இடமில்லை. 1943 நடுவில் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து கொக்கல ஏரிக்குக் காட்டலினா என்னும் நீர்விமானங்களை விடத் தொடங்கியது. தூரம் ஏறக்குறைய 5,600 கிலோமீட்டர். நேரம் 27 முதல் 33 மணி. கிளம்பிய நாளின் விடியலையும் மறுநாள் விடியலையும் வானத்திலேயே பார்க்க வேண்டியிருந்ததால் ‘இரட்டை விடியல்’ என்றே பெயர் நிலைத்தது. பயணிகளுக்கு அதற்கென ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

பயணிகள் என்றால் ஒரு நடைக்கு அதிகபட்சம் மூன்று பேர். தபால் 69 கிலோ, அதாவது இன்னொரு ஆளின் எடை. மற்ற சுமையெல்லாம் பெட்ரோல். கிளம்பிய முதல் சில மணி நேரத்துக்கு விமானம் அவ்வளவு பாரமாக இருந்ததால், இரண்டு இன்ஜின்களில் ஒன்று நின்றிருந்தால் கடலில் இறங்குவதைத் தவிர வழியில்லை. ஜப்பானிய விமானங்கள் உலவும் பகுதியை இருட்டில் கடக்க வேண்டும். ரேடியோவில் வாய் திறக்கக் கூடாது. நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் திசை பிடித்தார்கள். விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களே வைத்திருந்தார்கள்.

ஒரே தூரத்துக்கு 27 மணியும் ஆகிறது, 33 மணியும் ஆகிறது. ஏன் இந்த ஆறு மணி வித்தியாசம்? கணக்குப் போட்டால் புரியும். காட்டலினாவின் வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். காற்றே இல்லாவிட்டால் 28 மணி. பின்காற்று கொஞ்சம் தள்ளினால் 27. 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று அடித்தால் 170தான் மிஞ்சும். 33 மணி ஆகிவிடும். அதே காற்று 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் இன்றைய ஜெட்டை எதிர்த்தால், இதே தூரத்தில் பதின்மூன்று நிமிடம்தான் தாமதம். மெதுவாகப் போகிறவனின் கடிகாரம் காற்றின் கையில். பாய்மரக்காரருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1945 வரை 271 முறை கடந்தார்கள். ஒரு விமானமும் வழியில் தொலையவில்லை. போர் முடிந்ததும் அந்தக் காட்டலினாக்களைக் கடலுக்குக் கொண்டுபோய் மூழ்கடித்துவிட்டார்கள். அமெரிக்காவிடம் குத்தகை-கடன் ஒப்பந்தத்தில் வாங்கியவை. வைத்துக்கொள்வதென்றால் விலை கொடுத்தாக வேண்டும்.

2018 மார்ச்சில் அதே குவாண்டாஸ் பெர்த்திலிருந்து லண்டனுக்கு நிற்காமல் பறக்கத் தொடங்கியது. 14,499 கிலோமீட்டர், பதினேழு மணி சொச்சம். சிட்னியிலிருந்து லண்டனுக்கு ஒரே மூச்சில் பறக்கும் அடுத்த திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயரிலும் விடியல் இருக்கிறது: ‘புராஜெக்ட் சன்ரைஸ்’. சுமார் 17,000 கிலோமீட்டர். அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு என்ன ஆகும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)