டெலிட் செய்த போட்டோ உண்மையிலேயே போய்விட்டதா? பழைய லேப்டாப், போனைக் கைமாற்றும் முன் கவனிக்க வேண்டியவை!

எம்.ரெட்டியபட்டியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ப்ளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் பரணில் கிடக்கிறது. அருப்புக்கோட்டையில் ஒரு கடையில் பழைய லேப்டாப்பை விலைக்கு எடுப்பதாகக் கேள்விப்பட்ட அண்ணன், அதை இறக்கித் தூசு தட்டுகிறார். சார்ஜரைச் செருகி, இருந்ததையெல்லாம் டெலிட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டார்.

"எல்லாத்தையும் அழிச்சாச்சு, குடுத்துரலாம்ல?"

தங்கைக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "அதுல என் போட்டோ, அம்மாவோட ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் இருந்துச்சேண்ணே... நெசமாவே போயிருச்சா?"

போகவில்லை. தங்கை பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

கணக்கில்தான் பெயர் இல்லை!

ஒவ்வொரு டிஸ்க்கிலும் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் உண்டு. கிராமக் கணக்கில் எந்த சர்வே நம்பரில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார்கள் என்று எழுதி வைப்பதைப் போல. டெலிட் கொடுத்தால், கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலில் இருக்கும் வரியை மட்டும் அடித்துவிட்டு, "இந்த இடம் காலி" என்று குறித்துக்கொள்கிறது. கணக்கில் பெயரை அடித்தாலும் காட்டில் பருத்தி அப்படியே நிற்கும் அல்லவா? அதே கதைதான். வேறு ஃபைல் வந்து அந்த இடத்தில் எழுதப்படும்வரை பழைய ஃபைல் அங்கேயே இருக்கும். அதைத் தேடி எடுக்கும் ரெக்கவரி சாஃப்ட்வேர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

விண்டோஸில் ஷிஃப்ட் + டெலிட் கொடுத்தாலும், லினக்ஸில் கட்டளை கொடுத்து அழித்தாலும், பழைய மேக்கில் டிராஷைக் காலி செய்தாலும், ஹார்டு டிஸ்க்கைப் பொறுத்தவரை நடப்பது இதுதான். 'குயிக் ஃபார்மேட்' செய்வதும் பட்டியலைப் புதிதாக்குவது மட்டுமே.

ஒரு லேப்டாப்பில் இரண்டு வீடு

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதில் வழங்கப்பட்ட பல லேப்டாப்களில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று கேட்கும்.

இங்கேதான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். விண்டோஸுக்குள் போய் எல்லாவற்றையும் அழித்தாலும், விண்டோஸ் இருக்கும் பகுதியை மட்டும் ஃபார்மேட் செய்தாலும், லினக்ஸ் பகுதியில் சேமித்தவை அப்படியே இருக்கும். விண்டோஸில் பார்த்தால் அவை கண்ணுக்கே தெரியாது. ஒரே டிஸ்க்கில் தடுப்பு வைத்த இரண்டு வீடுகள். ஒன்றைக் காலி செய்தால் இன்னொன்று காலியாகாது.

படித்தவர்களும் ஏமாந்த கதை

அமெரிக்காவின் எம்.ஐ.டி கல்வி நிறுவனத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கெல், அபி ஷெலத் இருவரும் 2000 முதல் 2002 வரை 158 பழைய ஹார்டு டிஸ்க்குகளை வாங்கிப் பார்த்தார்கள். வேலை செய்த 129-ல் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றிலிருந்து 5,000-க்கும் அதிகமான கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. ஒரு டிஸ்க் ஏ.டி.எம் இயந்திரத்திலிருந்தே வந்திருந்தது!

2014-ல் அவாஸ்ட் நிறுவனம் 20 பழைய ஆண்ட்ராய்டு போன்களை ஆன்லைனில் வாங்கியது. அழிந்துவிட்டதாக உரிமையாளர்கள் நினைத்த 40,000-க்கும் அதிகமான போட்டோக்கள் திரும்பக் கிடைத்தன.

பெரிய நிறுவனங்களும் விதிவிலக்கல்ல. மார்கன் ஸ்டான்லி தன் பழைய ஹார்டு டிஸ்க்குகளை அழிக்கும் வேலையை, அதில் அனுபவமில்லாத ஒரு பொருள் ஏற்றி இறக்கும் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. வாடிக்கையாளர் விவரங்களோடு சில டிஸ்க்குகள் ஆன்லைன் ஏலத்துக்குப் போய்விட்டன. 2022-ல் அதன் பிரிவு 3.5 கோடி டாலர் அபராதம் கட்ட வேண்டியிருந்தது.

எதை எப்படி அழிப்பது?

ஹார்டு டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்: டிஸ்க் முழுவதையும் ஒருமுறை பூஜ்ஜியங்களால் நிரப்பினால் போதும். 35 முறை எழுத வேண்டும் என்பது 1996-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்த பேச்சு. இன்றைய டிஸ்க்குகளுக்கு அது தேவையில்லை. விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவில் பூட் செய்து, 'டிஸ்க்பார்ட்' கருவியில் 'க்ளீன் ஆல்' கொடுத்தால் விண்டோஸ், லினக்ஸ் இரண்டு பகுதிகளும் சேர்ந்தே அழியும். வெறும் 'க்ளீன்' என்றால் பட்டியல் மட்டும்தான் போகும், 'ஆல்' முக்கியம். லினக்ஸில் இதே வேலைக்கு 'ஷ்ரெட்' கட்டளை உண்டு. வேலை முடிய சில மணி நேரம் ஆகலாம். தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் போய்விடும் என்பதால், தெரிந்தவர்களை வைத்து, கூடவே இருந்து செய்யுங்கள்.

விண்டோஸ் 10, 11: செட்டிங்ஸில் ரீசெட் பகுதிக்குப் போய் 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுங்கள். அடுத்து 'சேஞ்ச் செட்டிங்ஸ்' உள்ளே 'க்ளீன் டேட்டா'வையும் ஆன் செய்யுங்கள். இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

எஸ்.எஸ்.டி: இதில் ஒரு ஃபைலின் மேலேயே திரும்ப எழுதச் சொன்னாலும், எஸ்.எஸ்.டி வேறு இடத்தில் எழுதிக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனமே 2015-ல் மேக்கிலிருந்து 'செக்யூர் எம்ப்டி டிராஷ்' வசதியை எடுத்துவிட்டது. எஸ்.எஸ்.டி தயாரித்த நிறுவனத்தின் 'செக்யூர் இரேஸ்' கருவியைப் பயன்படுத்துவது நல்லது.

ஐபோன், புதிய ஆண்ட்ராய்டு: இவற்றில் தகவல்கள் என்கிரிப்ட் செய்யப்பட்டே, அதாவது பூட்டியே சேமிக்கப்படுகின்றன. ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் சாவி அழிந்துவிடும். பூட்டிய பெட்டி இருந்தாலும் திறக்க முடியாது. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்கள் முதல் இது கட்டாயம். மிகப் பழைய போன் என்றால், செக்யூரிட்டி பகுதியில் என்கிரிப்ட் செய்யும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அதைச் செய்துவிட்டு ரீசெட் கொடுங்கள்.

கைமாற்றும் முன் இந்த வரிசை

1. மார்க் ஷீட், குடும்ப போட்டோ போன்ற வேண்டியவற்றை வேறு இடத்தில் சேமித்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

2. கூகுள் போட்டோஸ் ஆப்பில் ஒவ்வொன்றாக அழிக்காதீர்கள். பேக்கப் ஆன போட்டோவை அங்கே அழித்தால், அதே அக்கவுன்ட் உள்ள புதிய போனிலும் காணாமல் போகும். ரீசெட் செய்தால் ஆன்லைனில் இருப்பவை அப்படியே இருக்கும்.

3. வாட்ஸ்அப், பேங்க், யு.பி.ஐ ஆப்களைப் புதிய போனுக்கு மாற்றிய பிறகு, பழையதில் கூகுள் அல்லது ஆப்பிள் அக்கவுன்ட்டை நீக்குங்கள். நீக்காவிட்டால், வாங்கியவர் போனைத் திறக்க முடியாமல் உங்களைத் தேடி வருவார்.

4. சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றுங்கள். பிறகு ரீசெட்.

ஆன் ஆகாத லேப்டாப்பை எடைக்குப் போடும்போதும் கவனம் வேண்டும். லேப்டாப் செத்தாலும் உள்ளே ஹார்டு டிஸ்க் நன்றாக இருக்கலாம். பல பழைய மாடல்களில் அடியில் சில ஸ்க்ரூக்களைக் கழற்றினால் டிஸ்க் கையோடு வந்துவிடும். அதை எடுத்து வைத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம்.

எவ்வளவு கவனமாக இருந்தும் போட்டோவோ ஆவணமோ தவறான கைக்குப் போய்விட்டால், தயங்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். அழிக்காமல் விட்டது யார் என்று வீட்டுக்குள் சண்டை போடுவதைவிட, உடனே புகார் கொடுப்பதே உதவும்.

பரணிலிருந்து இறக்கிய அந்த லேப்டாப்புக்குக் கடைக்காரர் என்ன விலை சொன்னாலும் சரி, அதற்குள் இருக்கும் தங்கையின் போட்டோவும் அம்மாவின் ஆதாரும் அந்த விலையில் சேராது. இன்னும் ஒரு நாள் கழித்துக் கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது, அண்ணன்களே!