பயத்தில் மறைத்த ஊசிக் காயம்

எங்கள் வார்டுக்குப் போஸ்டிங் வந்த இரண்டாம் ஆண்டு நர்சிங் மாணவி அவள். நோயாளிக்கு ரத்தம் எடுத்த ஊசிக்கு மூடி போடப் போய், இடது ஆள்காட்டி விரலில் குத்திக்கொண்டாள். பயன்படுத்திய ஊசியை மூடக் கூடாது என்பது முதலாண்டுப் பாடம். தூக்கக் கலக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் விரலில் பிளாஸ்திரியைப் பார்த்து நான்தான் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர், பேப்பர் கிழிச்சிருச்சு."

விடாமல் கேட்டதும் அழுதுவிட்டாள். ஊசி குத்திய நாளுக்கு முந்தைய இரவு இரண்டரை மணி வரை உட்கார்ந்து கேர் பிளான் எழுதியிருக்கிறாள். "மேடத்துக்குத் தெரிஞ்சா வார்டுக்கு விடமாட்டாங்க, அட்டெண்டன்ஸ் போயிடும்" என்ற பயம் வேறு.

நேரத்தைத் திட்டமிடத் தெரியாத பெண் என்று இதை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. 2021இல் வந்த பி.எஸ்சி. நர்சிங் செமஸ்டர் பாடத்திட்டம் வகுப்பு, லேப், வார்டு எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 40 மணி நேரம்தான் கேட்கிறது. ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். மீதி நேரம் படிக்க, துணி துவைக்க, வீட்டுக்குப் பேச, தூங்க. ஸ்டாஃப் போதாத ஆஸ்பத்திரிகளில் இந்த மீதிதான் முதலில் பறிபோகிறது. ஆள் இல்லாத ஷிப்டை மாணவியைக் கொண்டு நிரப்புவது பயிற்சி ஆகாது, சம்பளம் கொடுக்காமல் வாங்கும் வேலை. கூடுதல் மணி நேரம் தொடர்ந்தால் தேதி, வார்டு, வந்த நேரம், போன நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து முதல்வருக்கு எழுத்தில் கொடுக்கும்போது அந்த நோட்டுதான் பேசும்.

அட்டெண்டன்ஸ் விதியையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தியரிக்கு 80 சதவீதம். வார்டுப் பயிற்சிக்கு 100 சதவீதம், ஆனால் அது பட்டம் பெறுவதற்குள் முடித்திருக்க வேண்டிய கணக்கு. காய்ச்சலில் விட்ட நாட்களைப் பிறகு ஈடுசெய்யலாம். 102 டிகிரி ஜுரத்தோடு பிள்ளைகள் வார்டில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். நோயாளிக்கும் அது ஆபத்து.

ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது? ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலைப் பிதுக்க வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம். உடனே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையென்று டாக்டர் முடிவு செய்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது மிக நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். வார்டில் கால் வைப்பதற்கு முன்பே இதைத் தொடங்கிவிட வேண்டும். அந்தப் பெண் இரண்டோடு நின்றிருந்தாள். மூன்றாவது போட நேரம் கிடைக்கவில்லையாம்.

ரெக்கார்டு வேலைக்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, பாக்கெட் டைரி. வைட்டல்ஸ், மருந்து, நோயாளி சொன்ன உபாதை எல்லாவற்றையும் கட்டிலருகிலேயே குறித்துக்கொண்டால், மாலையில் கேர் பிளான் பாதி நேரத்தில் முடியும். ஒரு அடித்தல் திருத்தலுக்காக முழு ரெக்கார்டையும் திரும்ப எழுதச் சொல்லும் டியூட்டர்களை நான் கைகூப்பிக் கேட்கிறேன்: அந்த இரண்டு மணி நேரத் தூக்கத்தைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். நைட் டியூட்டி முடிந்தவளை நேராக வகுப்பில் உட்கார வைப்பதும் அப்படித்தான், எதுவும் மண்டையில் ஏறாது.

இன்னொரு பாரம் டைம்டேபிளில் வராது. வார்டில் பார்க்கும் முதல் மரணம். காலையில் கஞ்சி ஊட்டிய பாட்டியின் கண்ணை மதியம் மூடிவிட்டு, கை கழுவி, மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போக வேண்டும். அன்று சாயங்காலம் சீனியர் அக்கா யாராவது பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் பெரிய ஆறுதல். தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், டியூட்டி என்றாலே அழுகை முட்டிக்கொண்டு இரண்டு வாரம் போனால் தனியாகச் சமாளிக்காதீர்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண் 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனத்தில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது. உங்கள் கல்லூரியில் யார் என்று கேளுங்கள்.

சீனியர்கள் தங்கள் ரெக்கார்டை எழுதச் சொல்லி மிரட்டுவதும் ராகிங்தான். தமிழ்நாட்டில் 1997 முதல் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. புகார் எண் 1800-180-5522. பாலியல் தொல்லை என்றால், விசாகா கமிட்டி என்று பேச்சுவழக்கில் சொல்லும் உள்ளகப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள். கல்லூரிகள் அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்துவிட்டது. சான்றிதழை நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நல்லவேளையாக, அந்தப் பெண் ரத்தம் எடுத்த நோயாளியின் ரத்தப் பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை. மூன்றாவது ஊசியை அன்றே போட்டோம். அவளுடைய டியூட்டர் வந்து விரலைப் பார்த்துவிட்டு, "கேர் பிளான் திங்கட்கிழமை குடும்மா, இப்ப போய்ப் படு" என்றார். சாயங்காலம் நாலு மணிக்குப் படுத்தவள் மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் எழுந்தாளாம்.