தந்திக் கம்பியும் தொழிலாளர் ஒற்றுமையும்

மின்சாரம் கண் இமைக்கும் நேரத்தில் நூற்றுக்கணக்கான மைல்களைக் கடந்துவிடும் என்பதை நாம் அறிவோம். ஆனால் தந்தி அவ்வளவு விரைவாகவா போய்ச் சேர்ந்தது? இல்லை. ஒருவர் சாவியைத் தட்ட வேண்டும். மறுமுனையில் ஒருவர் அதைக் காதால் கேட்டு எழுத வேண்டும். மூன்றாமவர் அத்தாளை எடுத்துக்கொண்டு வீடு தேடிச் செல்ல வேண்டும். தந்தியின் வேகம் என்று நாம் சொல்வது உண்மையில் இம்மூவருடைய உழைப்பின் வேகமே ஆகும். இந்தியாவில் இந்த உழைப்பாளிகள் எவ்வாறு ஒன்று சேர்ந்தனர், அதற்கு அவர்கள் இயக்கிய கம்பியே எவ்வாறு துணை நின்றது என்பதை இங்குக் காண்போம்.

கம்பி வந்த கதை

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த வில்லியம் புரூக் ஓ'ஷானசி என்ற மருத்துவர், 1839-இல் கல்கத்தாவுக்கு அருகே 21 மைல் நீளத்துக்குக் கம்பி கட்டித் தந்திச் சோதனை நடத்தினார். 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்தி இயங்கத் தொடங்கியது. கல்கத்தா நாணயச் சாலையில் பணியாற்றிய சிப்சந்திர நந்தி இப்பணியில் ஓ'ஷானசிக்கு வலக்கையாக இருந்தார். 1855-இல் பொதுமக்களும் தந்தி அனுப்ப வழி பிறந்தது. அதற்குள் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்கள் கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தன.

இந்தக் கம்பியின் அருமையை ஆங்கில அரசு 1857-இல் உணர்ந்தது. அவ்வாண்டு மே 11-ஆம் நாள், டில்லியில் கிளர்ச்சி மூண்ட செய்தியை அங்கிருந்த இளந் தந்தியாளர் இருவர் அம்பாலாவுக்குத் தட்டி அனுப்பினர். அதன்பின் தந்தி ஆட்சியின் நரம்பு மண்டலமாகவே கருதப்பட்டது. அந்த நரம்பை இயக்கியவை சில ஆயிரம் ஊழியர்களின் விரல்கள் என்பதோ அடிக்கடி மறக்கப்பட்டது.

சாவியும் ஒலிப்பானும்

தந்தியின் தத்துவம் எளிது. சாவியை அழுத்தினால் மின்சுற்று நிறைவடைகிறது. மின்கல அடுக்கிலிருந்து புறப்படும் மின்னோட்டம் கம்பி வழியே சென்று, மறுமுனையிலுள்ள மின்காந்தத்தைச் செயற்படுத்துகிறது. அது ஓர் இரும்புத் துண்டை இழுக்க, 'டக்' என்ற ஓசை எழுகிறது. சாவியை விட்டதும் காந்தத் தன்மை நீங்கி, சுருள்வில் அத்துண்டைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடுகிறது. மீண்டும் ஓர் ஓசை. இரண்டு ஓசைகளுக்கும் இடைவெளி குறைவானால் புள்ளி, மிகுந்தால் கோடு. புள்ளியும் கோடும் சேர்ந்து எழுத்தாகின்றன. இதுவே மோர்ஸ் முறை.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். தேர்ந்த தந்தியாளர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 ஆங்கிலச் சொற்களை அனுப்புவார். ஒரு சொல்லுக்கு 5 எழுத்து எனக் கொண்டால் 100 எழுத்துகள். ஓர் எழுத்துக்குச் சராசரியாக இரண்டரைத் தட்டு என்று வைத்தால் நிமிடத்துக்கு 250 தட்டுகள், மணிக்கு 15,000, ஆறு மணி நேரம் ஓயாது வேலை செய்தால் 90,000! அத்தனையும் ஒரே மணிக்கட்டின் வேலை. ஆண்டுக் கணக்கில் இவ்வாறு உழைத்த பலருக்கு விரல்கள் மரத்து, தசை இழுத்துக்கொண்டு, கை சொன்னபடி கேளாத நிலை ஏற்பட்டது. 'தந்தியாளர் தசைப்பிடிப்பு' எனப்பட்ட இந்நோய், பிரிட்டனில் 1908-இல் இழப்பீடு பெறத்தக்க தொழில் நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கம்பி நீள நீள மின்னோட்டம் நலிகிறது. மழைக்காலத்தில் ஈரமேறிய கம்பங்கள் வழியாகவும் மின்சாரம் கசிந்துவிடும். ஆகவே, நெடுந்தொலைவு செல்லும் செய்திகள் பல வேளைகளில் இடையிலுள்ள பெரிய நிலையங்களில் எழுதி எடுக்கப்பட்டு, மீண்டும் அடுத்த கம்பியில் தட்டி அனுப்பப்பட்டன. மாலைக்கு நடுநூல் போன்றவை இந்நிலையங்கள். அங்கே கைகள் ஓய்ந்தால் நாடு முழுவதும் செய்தி தேங்கிவிடும்.

1908-ஆம் ஆண்டு

தந்தித் துறையில் ஊழியர் அனைவரும் சமமாக நடத்தப்படவில்லை. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் ஓர் ஊதியம். இந்தியருக்கு அதனினும் குறைந்த ஊதியம். தந்தியை வீட்டில் சேர்க்கும் சேவகர் எல்லோருக்கும் கீழ்ப்படியில் இருந்தனர். இவர்கள் ஒன்றுபடுவார்கள் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, இவர்கள் ஆயிரக்கணக்கான மைல் பரப்பில் சிதறிக் கிடந்தனர்.

அதே 1908-இன் தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர், வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் வழிகாட்ட, வேலைநிறுத்தம் செய்து வென்றதை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆலைத் தொழிலாளர் நாள்தோறும் ஒரே வாயிலில் நுழைகின்றனர். ஒரே சங்கொலிக்கு வெளியே வருகின்றனர். கூடிப் பேச அவர்களுக்கு இடமுண்டு. இரங்கூனில் இருக்கும் தந்தியாளரும் பம்பாயில் இருக்கும் தந்தியாளரும் எங்கே கூடுவது?

அவர்கள் கம்பியில் கூடினார்கள்! தந்தியாளர் ஒருவர் மறுமுனையில் இருப்பவரின் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் தட்டும் பாணியைக் கேட்டே இன்னார் என்று கண்டுகொள்வார். கையெழுத்தைப் போலவே ஒவ்வொருவரின் தட்டுக்கும் தனித்தன்மை உண்டு. வேலை குறைந்த வேளைகளில் குறைகளும் நலன்களும் கம்பி வழியே பரிமாறப்பட்டன. இதை முற்றிலும் தடுக்க வேண்டுமானால் தந்தியையே நிறுத்த வேண்டும்!

அவ்வாண்டு பணி நேரத்தைத் திருத்தியமைக்கும் புதிய ஏற்பாடு ஊழியரிடையே பெரும் மனக்குறையை எழுப்பியது. ஏப்ரலில் வேலைநிறுத்தம் உச்சத்தை எட்டியது. பிரிட்டிஷ் இந்தியாவின் பெருநகரங்களில் மட்டுமின்றி, அன்று இந்தியாவோடு சேர்த்து ஆளப்பட்ட பர்மாவிலும் சாவிகள் ஓய்ந்தன. அரசின் ஆணைகளும் வணிகரின் விலைச் செய்திகளும் தேங்கின. நிறத்தாலும் ஊதியத்தாலும் தொலைவாலும் பிரிந்திருந்தவர்கள் ஒரே நேரத்தில் ஒன்றாக இயங்கினர் என்பதே இப்போராட்டத்தின் சிறப்பு. ஆட்சியை விரைவாக்கிய கருவி, ஊழியரையும் அருகருகே கொண்டு வந்துவிட்டது.

சட்டமும் சங்கமும்

அந்நாளில் தொழிற்சங்கத்தைக் காக்கும் சட்டம் எதுவும் இல்லை. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. ஆலை முதலாளிகள் அதன் தலைவர் பி. பி. வாடியா முதலியோர்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, தடையாணை பெற்றனர். தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டுவதே குற்றமாகுமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. இதன் தொடர்ச்சியாகவே 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது.

1946 ஜூலை 11-இல் தபால்காரர்களும் கீழ்நிலை ஊழியரும் தொடங்கிய வேலைநிறுத்தத்தில், பின்னர் தந்தி, தொலைபேசி ஊழியரும் சேர்ந்தனர். ஜூலை 29-இல் அவர்களுக்கு ஆதரவாகக் கல்கத்தா நகரமே வேலைநிறுத்தம் செய்தது. 1954-இல் இத்துறையின் பல சங்கங்கள் இணைந்து, தேசிய அஞ்சல் தந்தி ஊழியர் சம்மேளனம் உருவாயிற்று.

விடுதலைக்குப் பின்னும் மோதல் நீங்கவில்லை. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தனர். 1968 செப்டம்பர் 19-இல் தேவைக்கேற்ற குறைந்தபட்ச ஊதியம் கோரி ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். இருமுறையும் அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து அவற்றைத் தடை செய்தது. பலர் சிறை சென்றனர். பலர் வேலை இழந்தனர். தந்தி நின்றால் பொதுமக்கள் துன்புறுவர் என்றது அரசு. எங்கள் பணி அவ்வளவு இன்றியமையாதது என்றால் எங்கள் வாழ்வும் அப்படித்தானே என்று கேட்டனர் ஊழியர். இரண்டிலும் உண்மை உண்டு. இன்றியமையாப் பணிகள் எல்லாவற்றிலும் இக்கேள்வி இன்றும் தீராமல் நிற்கிறது.

ஓய்ந்த சாவி

தொலை அச்சுப்பொறி வந்தது. மோர்ஸ் சாவியின் தேவை குறைந்தது. தொலைபேசியும் கைப்பேசியும் தந்தியையே தேவையற்றதாக்கின. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நிறைவுற்றது. ஊழியருக்கிடையே ஓடிய அந்தக் கம்பியும் அத்துடன் முடிந்தது.

இன்று உங்கள் வீட்டுக்கு உணவோ பொருளோ கொண்டு வருபவரைப் பாருங்கள். அந்நாளைய தந்திச் சேவகரைப் போல அவரும் முகவரி தேடி வருகிறார். அவருக்கு ஆணையிடுவதும் ஊதியம் கணக்கிடுவதும் கையிலுள்ள கருவியே. ஆனால் வேலை தரும் அந்தச் செயலி அவரைத் தலைமை நிலையத்தோடு இணைக்கிறதே தவிர, அடுத்த தெருவில் அதே வேலை செய்யும் தோழரோடு இணைப்பதில்லை. தந்தியாளரின் கம்பிக்கு மறுமுனையில் இன்னொரு தொழிலாளி இருந்தார். செய்திக் கருவி எதுவானாலும் அதன் வேகத்தை அளப்பதோடு நின்றுவிடாமல், அது யாரை யாரோடு இணைக்கிறது என்பதையும் கேட்டுப் பழகுவோம். தந்தித் தொழிலாளரின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.