வாயை மூடிக்கொள்ளும் குழந்தை

3 கிலோ எடையோடு பிறக்கும் குழந்தை ஐந்தாம் மாதத்தில் ஏறத்தாழ 6 கிலோவைத் தொடுகிறது. முதல் பிறந்தநாளில் 9 கிலோ. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு! இதே வேகத்தில் போனால் இரண்டாம் பிறந்தநாளில் 27 கிலோ இருக்க வேண்டும், மூன்றாவதில் 81. உடம்பு அப்படி வளர்வதில்லை. இரண்டாம் ஆண்டில் கூடுவது சுமார் 2 முதல் 2.5 கிலோதான். வளர்ச்சி நிதானப்பட்டதும் பசியும் அதற்கேற்ப அடங்கிவிடுகிறது. சரியாக இந்த நேரத்தில்தான் வீட்டில் அந்தப் பேச்சு தொடங்குகிறது: “ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குறான்.”

குழந்தை மருத்துவர்கள் அன்றாடம் கேட்கும் புகார் இது. ஆரோக்கியமாக வளரும் குழந்தையைப் பற்றியும் இதையே சொல்கிறோம். இரும்புச்சத்துக் குறைந்த குழந்தையைப் பற்றியும், இதயத்தில் ஓட்டையுள்ள குழந்தையைப் பற்றியும் இதையேதான் சொல்கிறோம். சாப்பிட மறுப்பது காய்ச்சலைப் போன்ற ஓர் அறிகுறி. காய்ச்சல் என்றால் காரணத்தைத் தேடுகிறோம். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே பசி டானிக், ஒரே பூச்சாண்டி, ஒரே செல்போன்.

கிண்ணத்தைப் பார்க்காதீர்கள்

முதலில் பார்க்க வேண்டியது கிண்ணத்தில் எவ்வளவு மிச்சம் என்பதை அல்ல, வளர்ச்சி அட்டையை. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம், இந்தியா உட்பட ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து உருவாக்கப்பட்டது. அங்கன்வாடியில் எடை பார்த்து அட்டையில் வைக்கும் புள்ளிகளை இணைத்துப் பார்த்தாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். மெலிந்த உடல்வாகு உள்ள பெற்றோரின் குழந்தை கீழ்க்கோடு ஒன்றை ஒட்டியே சீராக ஏறிக்கொண்டிருந்தால் பயமில்லை. ஏறிவந்த கோடு படுத்துவிட்டாலோ, கீழே இறங்கினாலோ காரணம் தேட வேண்டும்.

ஒரு வேளைச் சாப்பாட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அமெரிக்க ஆய்வாளர் லீயன் பிர்ச் குழுவினர் 2 முதல் 5 வயதுள்ள 15 குழந்தைகள் ஆறு நாட்கள் சாப்பிட்டதையெல்லாம் அளந்து 1991-இல் வெளியிட்டார்கள். ஒரு வேளைக்கும் இன்னொரு வேளைக்கும் கலோரி ஏற்ற இறக்கம் சராசரியாக 34 சதவீதம். நாளின் மொத்தக் கணக்கில் அது 10 சதவீதம்தான். காலையில் விட்டதைக் குழந்தை இரவுக்குள் தானே ஈடுகட்டிக்கொள்கிறது.

மூன்று விதமான மறுப்பு

சாப்பிட மறுப்பதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று பெனி கெர்ஸ்னர் உள்ளிட்ட மருத்துவர்கள் 2015-இல் ஒரு வழி சொன்னார்கள்: பசிக் குறைவு, குறிப்பிட்ட உணவை மட்டும் ஏற்பது, உணவைக் கண்டே பயப்படுவது. மூன்றிலும் இயல்பானதும் உண்டு, நோயும் உண்டு.

பசிக் குறைவுக்கு நம் வீடுகளில் அடிக்கடி காரணமாவது பால். “சோறுதான் வேண்டாங்குது, பாலாவது குடிக்கட்டும்” என்று நான்கைந்து தம்ளர் கொடுக்கிறோம். வயிறு நிறைகிறது, பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் சோகை வருகிறது, சோகை வந்தால் பசி மேலும் மந்தமாகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. மலச்சிக்கலும் சத்தமில்லாமல் பசியைக் கெடுக்கும்.

குறிப்பிட்ட உணவை மட்டும் ஏற்பது இரண்டாவது. இரண்டு வயதையொட்டிப் புதிய உணவைக் கண்டு முகம் சுளிப்பது இயல்பு. பத்துப் பதினைந்து முறை தட்டில் பார்த்த பிறகே சில குழந்தைகள் ஒரு காயைத் தொடும். நாமோ மூன்றாம் முறையிலேயே “இவனுக்குப் பிடிக்காது” என்று முடிவு கட்டிவிடுகிறோம். விரல்விட்டு எண்ணும் அளவு உணவோடு ஒரு குழந்தை நின்றுவிட்டால், கொழகொழப்பு கையில் பட்டாலே குமட்டினால், அதைப் பிடிவாதம் என்று தள்ளாமல் பரிசோதிக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இது அதிகம்.

பயம் மூன்றாவது. ஒருமுறை புரையேறித் திணறியது, மருத்துவமனையில் மூக்கில் குழாய் செருகியது, இரைப்பை அமிலம் மேலேறி எரிந்தது, மூக்கைப் பிடித்து வாயில் திணித்தது என்று அதற்குப் பல காரணங்கள். கரண்டியைக் கண்டதுமே அழுகிற குழந்தைக்குச் சாப்பாடு என்றால் வலி என்று பதிந்திருக்கிறது.

இவற்றோடு திறனும் சேர்கிறது. ஒரு வாய் உணவை விழுங்க 30 தசைகள் அளவுக்கு ஒத்துழைக்க வேண்டும். மெல்வது பழகிக் கற்கும் வித்தை. இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் நடந்த நீண்டகால ஆய்வில், 9 மாதத்துக்குப் பிறகே கட்டியான உணவைப் பழகிய குழந்தைகளுக்கு ஏழு வயதிலும் உணவுச் சிக்கல்கள் அதிகமாக இருந்தன. ஒன்றரை வயது வரை எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்து ஊட்டும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

தாமதிக்கக் கூடாத நேரம்

பால் குடிக்கும்போதே நெற்றி வியர்த்து மூச்சு வாங்குவது, ஒவ்வொரு வேளையும் இருமல், புரையேறுதல், அடிக்கடி நெஞ்சுச் சளி, தொடர் வாந்தி அல்லது பேதி, விழுங்கும்போது வலி, எடை நின்றுபோவது, நன்றாகச் சாப்பிட்ட குழந்தை சட்டென்று நிறுத்துவது ஆகிய எதைக் கண்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். குடல் தட்டுவது, தொக்கம் எடுப்பது என்று கைவைத்தியம் தேடி அலைவதில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பொன்னான நாட்கள் வீணாகின்றன.

போகும்போது மூன்று நாள் குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள்: பால், பிஸ்கட் உட்பட என்ன, எவ்வளவு, யார் ஊட்டினார்கள், எவ்வளவு நேரம் ஆனது. ஒரு வேளை ஊட்டுவதைச் செல்போனில் படமெடுத்துச் செல்வது இன்னும் உதவும். அரைமணி நேரத்தைத் தாண்டும் சாப்பாடே ஓர் எச்சரிக்கைதான். மருத்துவர் எடை, உயரம், தலைச் சுற்றளவு, வாய், இதயம், நுரையீரல் பார்ப்பார். விழுங்குவதில் ஐயம் இருந்தால் உணவு எந்தப் பாதையில் இறங்குகிறது என்பதை எக்ஸ்ரே காணொளியாகவே பார்க்க முடியும். உடல்நலம், சத்து, உண்ணும் திறன், குடும்பச் சூழல் ஆகிய நான்கையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பது குழந்தைகளின் உணவுச் சிக்கல்களுக்கு 2019-இல் வகுக்கப்பட்ட வரையறை. மாவட்டங்களில் உள்ள ஆரம்பகால இடையீட்டு மையங்களில் குழந்தை மருத்துவரோடு பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் போன்றோரும் ஓரிடத்தில் கிடைக்கிறார்கள்.

நோய் இல்லை என்று உறுதியான பிறகு மாற வேண்டியது ஊட்டும் கை. 1920களின் பிற்பகுதியில் தொடங்கிய ஓர் ஆய்வில் அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ், பால்குடி மறந்த 15 குழந்தைகள் முன் 34 எளிய, பதப்படுத்தாத உணவுகளிலிருந்து தட்டுகளை வைத்தார். செவிலியர் கரண்டியோடு பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை கைநீட்டினால் மட்டும் எடுத்துத் தரலாம். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாகச் சாப்பிட்டது. எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன. நல்ல உணவை மட்டுமே முன்னால் வைத்ததுதான் இதன் சூட்சுமம் என்று டேவிஸே விளக்கினார்.

என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பது நம் பொறுப்பு. எவ்வளவு என்பது குழந்தையின் வயிற்றுக்குத் தெரியும். எந்தக் குழந்தைக்காகக் காத்திருக்கலாம், எந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று பிரித்தறியக் கற்றுக்கொண்டால், அந்தச் செவிலியரைப் போல நாமும் கரண்டியோடு நிம்மதியாகக் காத்திருக்கலாம்.