கண் கண்ட கணம்

இலை பச்சை, நிழல் கறுப்பு என்று நாம் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். உச்சி வெயிலில் அந்த இலையை உற்று நோக்கினால் அது வெள்ளியைப்போல் மின்னுகிறது. நிழலிலோ நீலமும் ஊதாவும் கலந்திருக்கின்றன. நாம் கண்ணால் காண்பது ஒன்று, அறிவினால் தெரிந்து வைத்திருப்பது வேறொன்று. இந்தச் சிறு பேதத்தை ஆதாரமாகக் கொண்டே பிரான்ஸ் தேசத்துச் சித்திரக் கலையில் ஒரு பெரும் புரட்சி நிகழ்ந்தது.

அக்காலத்தில் பாரிஸ் நகரில், 'ஸலோன்' என்னும் சர்க்கார் கண்காட்சியில் இடம் பெறாத சைத்திரிகனுக்குப் பிழைப்பு இல்லை. புராண, சரித்திரக் காட்சிகளை வழவழப்பாகத் தீட்டியவர்களுக்கே அங்கே மதிப்பு. மோனே, ரென்வார், பிஸ்ஸாரோ முதலியவர்களின் படங்கள் பல முறை தள்ளப்பட்டன. பிறர் கதவைத் திறக்காவிட்டால், வாசலில் நின்று கெஞ்சுவானேன்? அவர்கள் தாங்களே ஒரு சங்கம் கூடி, 1874-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி, நதார் என்ற புகைப்படக்காரர் முன்பு தொழில் நடத்திய இடத்தில் சொந்தக் கண்காட்சியைத் திறந்தார்கள்.

லெ ஹாவ்ர் துறைமுகத்தில் மூடுபனியினூடே சூரியன் உதிப்பதைத் தீட்டிய படத்துக்கு மோனே, 'இம்ப்ரெஷன் – சூரியோதயம்' என்று பெயரிட்டிருந்தார். மனத்தில் பதிந்த தோற்றம் என்பது அச்சொல்லின் பொருள். லூயி லெரோய் என்ற விமரிசகர் அதைப் பிடித்துக்கொண்டு, 'இம்ப்ரெஷனிஸ்டுகள்' என்று பரிகாசம் செய்தார். வசவாகக் கிடைத்த பெயரை 1877-ம் வருஷக் கண்காட்சியில் அவர்கள் விருதாகவே அணிந்துகொண்டார்கள்!

இவர்களுக்குத் துணையாயிருந்தது ஓர் அற்பப் பொருள். வர்ணத்தைப் பிதுக்கியெடுக்கும் தகரக் குழாயை 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்திருந்தார். அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு சைத்திரிகன் வயல்வெளிக்கே போகலாயிற்று. ஒளி மாறுவதற்குள் தீட்ட வேண்டியிருந்ததால், வர்ணத்தைச் சிறு சிறு தீற்றல்களாக வைத்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் திட்டுகள். எட்ட நின்றால் ஜலம் அசைகிறது. ரூவான் நகரத்து மாதாகோயிலின் முகப்பை மட்டும் மோனே முப்பதுக்கு மேற்பட்ட படங்களில் எழுதினார். கல் ஒன்றுதான், காலை, நடுப்பகல், மாலை என்று ஒளிதான் வேறு.

இலக்கியத்திலும் இம்முயற்சி நடந்தது. ஜோஸப் கான்ராட் 1899-ல் வெளியிட்ட 'இருளின் இதயம்' என்ற கதையில், ஆப்பிரிக்க நதியில் படகு செலுத்துகிறவன் சிறு குச்சிகள் தன்னைச் சுற்றிப் பறப்பதைக் காண்கிறான். பிறகே அவை அம்புகள் என்று அறிகிறான். கண் கண்டது முதலில் வருகிறது, காரணம் பின்னால் வருகிறது. ஆகவே அவனுடைய திகைப்பு நம்மையும் பற்றுகிறது. ருஷ்ய ஆசிரியர் செகாவ், 1886-ல் தமையனாருக்கு எழுதிய கடிதத்தில், அணையின்மேல் உடைந்த புட்டியின் கழுத்து மின்னுவதைக் காட்டினாலே நிலவொளி வந்துவிடும் என்று யோசனை கூறினார்.

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. யாவற்றையும் ஒளியாகவும் நிறமாகவுமே காண்பவனுக்கு இருதயம் உண்டா?

1879-ல் மோனேயின் மனைவி காமீல் தமது 32-ம் வயதில் காலமானார். அவர் முகத்தில் மரணம் படிப்படியாகப் பூசிய நீலத்தையும் மஞ்சளையும் சாம்பல் நிறத்தையும் தம் கண் தானாகவே கணக்கெடுத்ததை உணர்ந்து திடுக்கிட்டதாக, மோனே பிற்காலத்தில் நண்பர் கிளெமான்ஸோவிடம் கூறினார். அந்த முகத்தைச் சித்திரமாகவும் எழுதினார். பாரிஸ் ஓர்ஸே பொருட்காட்சிசாலையில் இருக்கும் அப்படத்தைக் கண்டவர்கள் அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்லத் துணியமாட்டார்கள். பனிக்குள் கரைவதுபோல் அம்முகம் நம்மை விட்டு அகன்றுகொண்டிருக்கிறது. கை நழுவும் கணத்தை நிறுத்திவைக்க அவர் அறிந்த வழி அது ஒன்றுதான்.

மேனாட்டாரின் பாணியை அப்படியே நகல் செய்யவேண்டும் என்பது நம் கருத்தன்று. ஊரார் நகைத்தபோதும் தம் கண்ணை நம்பினார்களே, அந்தத் தைரியம் நாம் கொள்ளத் தக்கது. அடுத்த முறை குழந்தை நிழலுக்கு நீல வர்ணம் தீட்டினால், திருத்துவதற்கு முன் நாமும் ஒருமுறை நிழலைப் பார்த்துவிடுவோம்.